பழுப்புத்தலைக் கடற்காகம் குளிர்காலத்தில் எதைத் தின்கிறது, எப்படித் தின்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் தமிழகக் கடலோரத்துக்கு ஒரு வெள்ளைக் கூட்டம் வந்து சேர்கிறது. ராமேஸ்வரத்தில் படகுகளுக்கு மேலே வட்டமடிப்பதும், தனுஷ்கோடி மணல்திட்டில் காற்றுக்கு முகம் கொடுத்து வரிசையாக உட்கார்ந்திருப்பதும், பழவேற்காடு ஏரியில் மிதப்பதும் பெரும்பாலும் இந்தப் பறவைதான். இங்கே அது கூடு கட்டுவதில்லை, முட்டையிடுவதில்லை. ஏறக்குறைய அரை வருடம் நம் கரையில் அதற்கு ஒரே வேலை, தின்று உடம்பைத் தேற்றுவது. அதனால் இந்தப் பறவையைப் புரிந்துகொள்ள அதன் தீனியைக் கவனிப்பதைவிட நல்ல வழி கிடையாது. கடற்கரையில் பறவை பார்க்க வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறேன்.

தலை வெள்ளையாக இருக்கிறதே, இதுதான் பழுப்புத்தலையா?

ஆம். காபிப்பொடி நிறத்தில் முகமூடி போட்டதுபோன்ற அந்தத் தலை இனப்பெருக்க காலத்துக்கு மட்டும் உரியது. குளிர்காலத்தில் அது உதிர்ந்து, கண்ணுக்குப் பின்னால் காதுப் பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் மிஞ்சும். அலகும் காலும் சிவப்பு, அலகு நுனியில் கருமை. வளர்ந்த பறவையின் கண் வெளிறியிருக்கும். பறக்கும்போது இறக்கை நுனியைப் பாருங்கள்: கறுப்பு, அந்தக் கறுப்புக்குள் வெள்ளைத் திட்டுகள். இதன் உறவான கருந்தலைக் கடற்காகத்துக்கு அந்தத் திட்டுகள் இல்லை, கண்ணும் கருமையாக இருக்கும், உடம்பும் சற்றுச் சிறியது. வாலின் நுனியில் கறுப்புப் பட்டையும் இறக்கையில் பழுப்புக் கறையும் தெரிந்தால் அது அந்த வருடம் பொரித்த குஞ்சு.

எங்கிருந்து வருகிறது? ஏன் வருகிறது?

லடாக்கின் சோ மோரிரி, சோ கர் போன்ற ஏரிகள், திபெத்திய மேட்டுநிலம், சீனாவின் சிங்காய் ஏரி, தஜிகிஸ்தான், கிர்கிஸ்தான் மலை ஏரிகள் ஆகியவைதான் இதன் பிறந்தகம். சிங்காய் ஏரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சோ மோரிரியின் உயரம் 4,500 மீட்டர். கோடையில் அங்கே பூச்சிகளும் அவற்றின் புழுக்களும் சிறு மீன்களும் உண்டு. குளிர் வந்ததும் ஏரிமேல் பனிக்கட்டி மூடிவிடும். தண்ணீரின் மேற்பரப்பில் தீனி பொறுக்கும் ஒரு பறவைக்கு அத்தோடு சாப்பாடு முடிந்தது.

குளிரைத் தாங்க முடியாமல் ஓடி வருகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இறகுச் சட்டை போட்ட பறவைக்குக் குளிரைவிடப் பசிதான் பெரிய எதிரி. நம் கடல் உறைவதில்லை. ராமேஸ்வரத்தில் டிசம்பர் மாதத்திலும் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது. கண்ணால் பார்த்து இரை தேடும் பறவைக்கு இந்த இரண்டும் போதும், இமயத்தைத் தாண்டி வருவதற்கு.

இங்கே வந்தபின் முக்கிய உணவு என்ன?

மீன்தான் முதலிடம். அதிலும் சிறிய மீன்: நெத்திலி, காரல், சாளைக் குஞ்சு, பொடிமீன்கள். அடுத்து நண்டு, இறால், சேற்றில் இருக்கும் கடல்புழுக்கள், சிறு சிப்பிகள். கரையில் ஒதுங்கிய செத்த மீன், மீன் அறுக்கும் இடத்தில் வீசும் குடல், செவுள் எல்லாம் உண்டு. மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பினால் அதையும் காற்றிலேயே பிடித்துத் தின்னும்.

இதற்கென்று தனிச் சிறப்பான ஆயுதம் எதுவும் கிடையாது. உள்ளானைப் போலச் சேற்றை ஆழமாகத் துளைக்கும் நீண்ட அலகு இல்லை. நீர்க்காகத்தைப் போல மூழ்கி மீனைத் துரத்தவும் வராது. ஆனால் நடக்கத் தெரியும், நீந்தத் தெரியும், காற்றில் அப்படியே நிற்கத் தெரியும். எங்கே தீனி எளிதாகக் கிடைக்கிறது என்பதை மற்ற பறவைகளின் நடமாட்டத்தை வைத்தே கண்டுபிடித்துவிடும். அந்தக் கவனிப்புதான் அதன் முதலீடு என்பேன்.

விசைப்படகுகளின் பின்னால் ஏன் இவ்வளவு கூட்டமாகப் பறக்கிறது?

இந்தப் பறவையின் குளிர்காலத்தை முடிவுசெய்யும் விஷயமே இதுதான், சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இழுவலை கடலடியை வாரிக்கொண்டு வரும். இறாலுக்காகப் போட்ட வலையில் இறாலோடு சேர்ந்து விலைபோகாத பொடிமீன், குட்டி நண்டு, கணவாய்க் குஞ்சு, சங்கு, கடற்பாசி எல்லாம் வந்து விழும். தளத்தில் கொட்டி ஆட்கள் தரம் பிரிப்பார்கள். கழிசல் மீனில் ஒரு பகுதி மீன்தூளுக்கும் தீவனத்துக்கும் போகிறது, மிச்சம் கடலிலேயே தள்ளப்படுகிறது. கடலடியில் வாழும் இந்த உயிர்களைக் கடற்காகம் தன் முயற்சியால் எட்டவே முடியாது. பல மீட்டர் ஆழத்தில் இருந்த இரை வலையின் புண்ணியத்தில் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது.

ஒரு கடற்காகத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து பாருங்கள். படகின் பின்பக்கம், காற்று மேலெழும் இடமாகப் பார்த்து இறக்கையை அசைக்காமல் மிதக்கும். தலை கீழ்நோக்கிக் குனிந்திருக்கும். ஒரு கை மீனைத் தள்ளியதும் சட்டென்று சரியும். சில மீன்கள், ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததில் காற்றுப்பை உப்பி, மிதந்துகொண்டிருக்கும். மற்றவை உடனே மூழ்கத் தொடங்கும். மூழ்குவதை எடுக்க அதற்குக் கிடைப்பது ஓரிரு வினாடிதான், அதனால் அவற்றின்மேல்தான் முதலில் பாயும். காலைத் தொங்கவிட்டு, நீரைத் தொட்டும் தொடாமலும் அலகால் கவ்வும். குறுக்காகப் பிடித்த மீனை ஒரு உதறு உதறி, தலை முன்னே வரும்படி திருப்பும். அப்படி விழுங்கினால்தான் முதுகுத் துடுப்பின் முள் பின்பக்கமாகப் படுத்துத் தொண்டையைக் கிழிக்காது. கழுத்தில் ஒரு புடைப்பு இறங்குவது உங்களுக்கே தெரியும். அதற்குள் பக்கத்துப் பறவை அலறிக்கொண்டு வந்துவிடும்.

இப்படியாக, மீனவர்களின் வேலை நேரமே இதன் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. ராமேஸ்வரம் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் கடலுக்குப் போகும். படகு திரும்பும் காலையில் துறைமுகத்துக்கு மேலே வானம் வெள்ளையாக இருக்கும், படகு போகாத நாளில் அதே இடம் வெறிச்சோடிக் கிடக்கும்.

படகு போகாத நாளில் பட்டினியா?

இல்லை. அந்த நாட்களில்தான் இதன் உண்மையான திறமை தெரியும். படகைத் துரத்தும் காட்சியை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். சேற்றில் நடக்கும் கடற்காகத்தைப் பொறுமையாகப் பார்ப்பவர்கள் குறைவு. எனக்கு இந்த இரண்டாவதுதான் அதிகம் பிடிக்கும்.

பாக் விரிகுடாவில் கடலின் ஏற்றவற்றம் சிறியது, ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் கரை தட்டையாக இருப்பதால், சிறிது நீர் இறங்கினாலும் பெரிய பரப்பு சேறாக வெளிப்படும். காற்றின் திசையும் நீரைத் தள்ளும், இழுக்கும். நீர் இறங்கும் ஓரத்தோடு கடற்காகங்கள் நடந்து போகும். கடற்காக இனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஆழமில்லாத நீரில் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வேகமாக மிதிக்கும். சேறு கலங்கி, உள்ளே இருக்கும் புழுவும் பொடி நண்டும் இடம்பெயரும். உடனே குனிந்து கொத்தும். ஓரடி நகர்ந்து மறுபடி மிதிக்கும்.

கரைவலை இழுக்கும் இடம் இன்னொரு பந்தி. இரு பக்கமும் ஆட்கள் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போது பறவைகள் தூரத்தில் அமைதியாக மிதந்துகொண்டிருக்கும். வலையின் மடி கரையை நெருங்கி, தண்ணீர் முழங்காலளவுக்கு வந்ததும் உள்ளே அடைபட்ட நெத்திலி துள்ளித் தெறிக்கும். அந்த நிமிடம் மொத்தக் கூட்டமும் எழும். வலையைச் சுற்றி ஓர் அடி அகல வளையத்தில்தான் அத்தனை போட்டியும்.

வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களும் உதவுகின்றன. மழைக்காலத்தில் உப்பு எடுப்பது நின்று பாத்திகளில் நீர் நிறையும்போது அங்கே சிறு மீனும் பூச்சிப் புழுக்களும் பெருகும். உப்பு ஏறிய பாத்திகளில் ஆர்ட்டீமியா என்னும் பொடி இறால் வகை இருக்கும், கூட்டமாக மிதந்தபடி அதைக் கொத்தித் தின்னலாம்.

ஆலாவைப் போலத் தலைகுப்புறப் பாயுமா?

அரிதாகத்தான். ஆலா மேலிருந்து அம்பாக விழுந்து நீருக்குள் போய் மீனோடு எழும். கடற்காகத்தின் உடம்பு கனமானது, மிதக்கும் தன்மை அதிகம். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே போவது அதற்குச் சிரமம். தூரத்திலிருந்து இரண்டையும் பிரிக்க இதுவே எளிய வழி: கூரான அலகைக் கீழே நோக்கியபடி பறந்து, நின்று, பாய்ந்தால் ஆலா. சாவகாசமாக மிதந்து, நீரில் உட்கார்ந்து, வாத்துபோல நீந்தினால் கடற்காகம்.

மற்ற பறவைகளிடமிருந்து பிடுங்கித் தின்னுமாமே?

தின்னும். ஆலா மீனோடு எழும்பியதும் பின்னால் விரட்டும். திரும்பும் இடத்திலெல்லாம் திரும்பி, அது மீனைக் கீழே போடும்வரை விடாது. விழும் மீனைக் காற்றிலேயே பிடித்துவிடும். தன் இனத்துக்குள்ளும் இது நடக்கும், முதல் வருடப் பறவைகள்தான் அதிகம் இழக்கின்றன. அனுபவம் இல்லாத குஞ்சுகள் மீனைக் கையாள அதிக நேரம் எடுத்துக்கொள்வதே காரணம். இதைத் திருட்டு என்று பழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மீனைத் தேடிப் பிடிக்க ஆகும் சக்தியைவிட ஒரு துரத்தலுக்கு ஆகும் சக்தி குறைவு என்றால் பறவை அதைத்தான் செய்யும். பெரிய கடற்காகங்கள் வந்தால் இதனிடமிருந்தும் பிடுங்கும்.

கடல்நீரைக் குடிக்குமா?

குடிக்கும். கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. இரத்தத்தில் கூடுதலாக இருக்கும் உப்பைப் பிரித்து, கடல்நீரைவிடச் செறிவான உப்புக் கரைசலாக மூக்குத்துளை வழியே வெளியேற்றும். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும் பறவையைத் தொலைநோக்கியில் பாருங்கள். அலகின் நுனியில் ஒரு துளி திரண்டு நிற்கும், தலையை உதறினால் தெறிக்கும். சளி பிடித்திருக்கிறதோ என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். இருந்தாலும் நல்ல நீர் கிடைத்தால் அதையே விரும்பும். குடிக்கவும் குளிக்கவும் முகத்துவாரங்களுக்கும் கரையோரக் குளங்களுக்கும் வருவது அதனால்தான்.

முள்ளும் ஓடும் என்ன ஆகும்?

வயிற்றில் செரிக்காத முள், செதில், நண்டோடு, சிப்பித்துண்டு எல்லாம் உருண்டையாகத் திரண்டு வாய் வழியே வெளியே வரும். கூட்டம் இரவு தங்கிய மணல்திட்டில், பறவைகள் போன பிறகு காலையில் நடந்தால் இந்த உருண்டைகளைக் காணலாம். குச்சியால் பிரித்துப் பார்த்தால் முந்தைய நாள் என்ன தின்றது என்பது தெரிந்துவிடும். பல நேரம் அவற்றில் நைலான் வலை நூலும் பிளாஸ்டிக் துண்டும் கிடக்கும். வெளியே வந்தவை பரவாயில்லை, வராமல் வயிற்றிலேயே தங்குபவைதான் ஆபத்து.

இரவில் தின்னுமா?

பெரும்பாலும் இல்லை. அந்தி சாய்ந்ததும் மணல்திட்டிலோ அமைதியான நீரிலோ கூடி ஓய்வெடுக்கும். துறைமுக விளக்கொளியிலும், விளக்கு எரியும் படகைச் சுற்றியும் சில கடற்காகங்கள் இரவில் தின்பதுண்டு.

புயல் சமயத்தில் என்ன செய்யும்?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் இந்தப் பறவைகளும் இங்கே இருக்கின்றன என்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அவற்றுக்குச் சோதனைதான். கடல் கொந்தளித்தால் மேற்பரப்பில் மீன் தெரியாது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் படகும் போகாது. இரண்டு வாசலும் ஒரே நாளில் அடைபடும். அப்போது கூட்டம் காயலுக்கும் கழிமுகத்துக்கும் உள்நாட்டு ஏரிகளுக்கும் ஒதுங்கும். உழுத வயலில் நீர் நின்றால் மேலே வரும் மண்புழுவையும் பூச்சியையும் பொறுக்கும். புயல் ஓய்ந்த மறுநாள் காலை கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சிப்பியும் நண்டும் செத்த மீனும் இழப்பைக் கொஞ்சம் ஈடுகட்டும்.

மிக்சர், பிஸ்கட், ரொட்டி போடலாமா?

போடாதீர்கள். இதை மட்டும் தயக்கமில்லாமல் சொல்வேன்.

தாய்லாந்தின் பாங் பூ கடற்கரையில் நவம்பர் முதல் ஆயிரக்கணக்கான பழுப்புத்தலைக் கடற்காகங்கள் கூடுகின்றன. அவற்றுக்கு வறுத்த பன்றித்தோலைத் தூக்கிப்போட்டுப் படம் எடுப்பது அங்கே பெரிய சுற்றுலா. டெல்லி யமுனைக் கரையிலும் காசியிலும் கடற்காகங்களுக்குக் காராசேவு வீசுகிறார்கள். காற்றில் கவ்வும் காட்சி அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எண்ணெயில் பொரித்த மாவில் வயிறு நிறையும், மீனில் கிடைக்கும் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்காது. திரும்பும் பயணத்துக்கு முன் புதிய இறகு முளைக்க அந்தப் புரதம் வேண்டும். தூக்கிப்போட்டதில் பாதி தண்ணீரில் ஊறி நாறும். பாக்கெட் உறை கடலுக்குப் போகும். ஓரிடத்தில் நெருக்கியடித்து உண்ணும் கூட்டத்தில் நோயும் எளிதாகப் பரவும். சாலையோரம் போட்டால் வண்டியில் அடிபடும். தனுஷ்கோடி சாலையில் காரை நிறுத்தி வீசுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

படகில் வீசும் கழிசல் மீனும் மனிதன் கொடுப்பதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அது மீன், பறவையின் இயல்பான உணவு. ஆனால் இழுவலையை நம்பிப் பழகுவதிலும் ஒரு பலவீனம் இருக்கிறது. குட்டி மீன்களை இப்படி வாரித் தள்ளினால் நாளைக்கு மீனவருக்கும் மீன் இருக்காது, கடற்காகத்துக்கும் இருக்காது. பறவைக்குத் தீனி கிடைக்கிறது என்பதற்காக அந்த வலையை நல்லது என்று சொல்ல என்னால் முடியாது.

மீனவர்களுக்கு இதனால் நஷ்டமா?

பெரிதாக இல்லை. காயவைத்த நெத்திலியில் கொஞ்சம் தூக்கும். அதில் காகமும் பருந்தும் செய்யும் சேதமே அதிகம், பழைய வலையை மேலே விரித்தால் போதும். மாறாக, கடலில் ஓரிடத்தில் கடற்காகமும் ஆலாவும் கூட்டமாக இறங்கி ஏறினால் கீழே மீன்கூட்டம் இருக்கிறது என்று பொருள். மீனவர்கள் அதைப் பார்த்துப் படகைத் திருப்புவது பழைய வழக்கம்.

பங்குனி மாதத்தில் அதிகம் தின்பதுபோலத் தெரிகிறதே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் தலை மெல்லமெல்லப் பழுப்பேறும். அதே சமயம் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பைத் தோலுக்கடியில் சேர்க்கும். வலசைக்கு முன் பறவைகள் வழக்கத்தைவிட அதிகம் தின்பது பொதுவான இயல்பு. வாடை ஓய்ந்து கடல் அமைதியாகும் மாதங்கள் இவை, படகுகளும் தடையில்லாமல் போய்வரும். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 அன்று தொடங்குகிறது. பெரும்பாலான பறவைகள் அதற்கு முன்னும் பின்னுமாகக் கிளம்பிவிடுகின்றன. தடைக்காலத்திலும் கரையில் தென்படும் சில பறவைகள் அநேகமாக இன்னும் முதிராத இளசுகள்.

இதே கரையில் தெரியும் மற்ற கடற்காகங்களும் இப்படித்தான் தின்கின்றனவா?

கொஞ்சம் வேறுபடும். மெல்லிய நீண்ட அலகும் சரிந்த நெற்றியும் கொண்ட ஒன்று கோடியக்கரையிலும் தனுஷ்கோடியிலும் வரும். எல்லாக் காலத்திலும் அதற்கு வெள்ளைத் தலைதான். ஆழமில்லாத நீரில் ஓடியபடி தலையை முழுதும் முக்கி மீன் பிடிக்கும், படகுகளை அவ்வளவாக நம்பாது. பல்லாஸ் கடற்காகம் மிகப் பெரியது, கனத்த அலகால் பெரிய மீனையும் நண்டையும் சமாளிக்கும், அருகில் வந்தாலே மற்றவை விலகும். சைபீரியத் தூந்திரத்திலிருந்து வரும் ஹியூக்ளின் கடற்காகம் கரையில் ஒதுங்கிய செத்த மீனை அதிகம் நாடும்.

செத்த பறவையையோ வளையம் போட்ட பறவையையோ கண்டால்?

செத்ததைக் கையால் தொடாதீர்கள். 2005-ல் சிங்காய் ஏரியில் பறவைக்காய்ச்சலால் ஆயிரக்கணக்கான பறவைகள் இறந்தன. வரித்தலை வாத்துகளோடு பழுப்புத்தலைக் கடற்காகங்களும் அதில் அடக்கம். ஒன்றுக்கு மேற்பட்டவை செத்துக் கிடந்தால் இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் தகவல் கொடுங்கள். நூலில் சிக்கி உயிரோடு தவிக்கும் பறவை என்றால், துணியால் தலையை மூடினால் அடங்கும். கையுறை போட்டுக்கொண்டு கத்தரிக்கோலால் நூலை வெட்டுங்கள், இழுக்காதீர்கள்.

காலில் உலோக வளையம் தெரிந்தால் அதில் எண் இருக்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. வளையத்திலேயே அந்தக் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். எண், இடம், தேதி, அப்போது பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்ற நான்கையும் எழுதி அனுப்புங்கள். தின்றுகொண்டிருந்தது என்றால் எதை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.